சவரியப்பனின் தைலப் புண்ணாக்கு

சவரியப்பனின் மூக்கு பார்க்க எடுப்பானது. வேலைதான் செய்யாது. மல்லிகைப்பூவும் மாட்டுச் சாணமும் அவனுக்கு ஒன்றுதான். மீசை முளைக்கும் முன்பே கங்கப்பனின் தைலக் கொட்டகையில் வேலைக்குச் சேர்ந்தவன் அவன். தேன்கனிக்கோட்டைப் பாதையில், காட்டை ஒட்டி இருந்தது அந்தக் கொட்டகை. வாசனைப்புல்லைக் கட்டுக்கட்டாகக் கொப்பரைக்குள் திணித்து, அடியில் தீ மூட்டி, குழாய் வழியே வரும் ஆவியைத் தண்ணீரில் குளிரவைத்து, மேலே மிதக்கும் தைலத்தை வழித்தெடுக்க வேண்டும். முதலில் தலைவலி வந்தது, பிறகு கண்ணெரிச்சல், பிறகு இருமல். கடைசியில் மூக்கு போனது. அவனுக்குத்தான் வாசனை தெரியாதே தவிர, அவன் வருவது தெரு முழுக்கத் தெரியும். மத்திகிரி மாதா கோவிலில் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு அவன் உட்காரும் வரிசையில் மனைவி லூர்தம்மாளைத் தவிர வேறு யாரும் உட்கார மாட்டார்கள்.

ஆட்சி மாறிய வருஷம் அவன் அந்த வேலையை விட்டான். சும்மா விடவில்லை. கொப்பரை மூடியைத் திறக்கும்போது ஆவி நெஞ்சுக்குள் போய், இருமி இருமித் தரையில் சுருண்டு கிடந்தான். கங்கப்பன் பார்த்துவிட்டு, "இருமுறவன் வூட்டுல கெடக்கணும். இங்க எதுக்கு வர்ற?" என்றான். சவரியப்பன் எழுந்தான், தலைத்துண்டை அவிழ்த்துக் கொப்பரைத் தீயில் போட்டான். "இனிமே இந்தக் கொட்டகையில கால வெச்சா என்னிய நாயின்னு கூப்புடு!" என்று வேலையாட்கள் அத்தனை பேர் முன்னாலும் கத்திவிட்டு வந்தான். உருப்படியான விஷயம் எதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளாத மத்திகிரி ஜனங்கள், இந்தச் சபதத்தை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டார்கள்.

சபதம் போட்டாயிற்று, சோற்றுக்கு என்ன செய்வது? அவன் வான்கோழி வளர்த்தான். பெங்களூரை விட்டுத் துரைமார் போய் இருபது வருஷமானாலும், அவர்கள் விட்டுப்போன நாக்கு அங்கேயே இருந்தது. கிறிஸ்துமஸ் வந்தால் வான்கோழி இல்லாமல் அந்த ஊர்ப் பெரிய வீடுகளில் மேசை நிறையாது. அங்கே ஓட்டல் ஒன்றில் சமையல்காரராக இருந்த லூர்தம்மாளின் ஒன்றுவிட்ட அண்ணன் அருள்ஜோசப், "நல்லா வளத்துக் குடுங்க மாப்ள, எத்தன இருந்தாலும் நானே வந்து எடுத்துக்கறேன்" என்று சொல்லியிருந்தார். வான்கோழி கிறிஸ்துமஸ் வரை உயிரோடு நின்றால் சவரியப்பன் பிழைத்தான். நிற்காவிட்டால் மறுபடியும் தைலக் கொட்டகைதான். அந்த நெஞ்சை வைத்துக்கொண்டு வேறு எந்த வேலைக்கும் அவனை யாரும் கூப்பிடப் போவதில்லை.

முதல் வருஷமே எல்லாம் செத்தன. நல்ல மழைக்காலம். குஞ்சுகள் இறக்கையைத் தொங்கப்போட்டு, கண்ணை மூடிக்கொண்டு, நின்ற இடத்திலேயே சாய்ந்தன. மாட்டாஸ்பத்திரி டாக்டர் ஜெபராஜ் ஒன்றை அறுத்துப் பார்த்தார். ஈரல் வெளுத்து வீங்கிக் கிடந்தது.

"என்ன தீனி போட்ட?"

"கடலைப் புண்ணாக்கு சார். நல்ல சரக்குதான்."

"மழையில நனைஞ்சா அதுல பச்சையா பூசணம் புடிக்கும். அந்தப் பூசணம் விஷம் கக்கும். சீமையிலயே ஏகப்பட்ட வான்கோழி இப்படிச் செத்துப்போய்த்தான் இதைக் கண்டுபுடிச்சாங்க. வாங்கும்போது ஒடச்சு மோந்து பாக்கறதில்லையா?"

சவரியப்பன் தலை குனிந்தான். மோந்து பார்க்கச் சொல்கிறார், அதுவும் யாரிடம்! அந்தப் பக்கத்தில் புண்ணாக்கு வாங்குகிறவர்கள் எல்லோருக்கும் ஒரு வழக்கம் உண்டு. வட்டை என்கிற வட்டப் புண்ணாக்குக் கட்டியை ஓரத்தில் உடைப்பார்கள், மூக்கில் வைத்து இழுப்பார்கள், ஒரு துணுக்கை வாயில் போட்டு மெல்லுவார்கள், கசந்தால் துப்பிவிட்டு அடுத்த கடைக்குப் போவார்கள். சவரியப்பன் அப்படி உடைத்து முகர்வது போலப் பாவனை செய்துவிட்டு வாங்கி வந்திருந்தான். மூக்கு இல்லாதவன் என்று கடைக்காரன் முன்னால் காட்டிக்கொள்ள வெட்கம். அடுத்த வருஷம் புதுக் குஞ்சுகள் வாங்கி விட்டபோது, புண்ணாக்கு வாங்க லூர்தம்மாளும் கூடப் போனாள். அவள் முகர்ந்து, மென்று, தலையாட்டினால்தான் மூட்டை வண்டியேறும்.

ஆனால் நல்ல புண்ணாக்கே வாங்கினாலும், வீட்டில் வைத்தால் மழையில் பூசணம் பிடிக்காமல் இருக்குமா? ஆடி மழையிலேயே பிடித்தது. ஒரே ஒரு மூட்டையைத் தவிர. அந்த மூட்டை, முன்பு தைல டின்களுக்கு அடியில் விரித்திருந்த பழைய சாக்கு. சோம்பேறித்தனத்தில் அலசாமல் அதில் புண்ணாக்கைக் கொட்டி வைத்திருந்தான். பக்கத்திலிருந்த மூட்டைகள் பச்சைப் பசேலென்று கிடக்க, இது மட்டும் செக்கிலிருந்து வந்த அன்றைக்கு இருந்தது போலவே இருந்தது. அள்ளிக்கொண்டு ஓடி மனைவியின் மூக்கருகே நீட்டினான்.

"பூசண நாத்தம் துளிகூட இல்லீங்க" என்றாள் லூர்தம்மாள். "உங்க நாத்தம்தான் வருது."

 சங்கதி புரிந்ததும் சவரியப்பன் சிரித்துவிட்டான். மூக்கையும் நெஞ்சையும் தின்ற தைலம், இந்தப் பூசணத்தையும் தின்கிறதா! கால்வலிக்குத் தடவ வீட்டில் ஒரு பாட்டில் தைலம் கிடந்தது. அன்றே நல்ல புண்ணாக்கை நொறுக்கி, சில சொட்டுகள் தெளித்து, இரண்டு கையாலும் பிசறி, தகர டின்னில் அடைத்து, ஒழுகும் கூரைக்கு நேர் கீழே வேண்டுமென்றே வைத்தான். பக்கத்தில் தைலம் போடாத டின் ஒன்று. மழை விட்டபோது ஒன்று பச்சை, ஒன்று சுத்தம். மறுபடி செய்தான். மறுபடியும் அதேதான்.

டின்கள் இரண்டையும் தோளில் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் போனான். டாக்டர் ஜெபராஜ் நல்ல மனுஷர், சிரிக்கவில்லை. இரண்டையும் கிளறிப் பார்த்துவிட்டு, "யோசனை நல்லாத்தான் இருக்கு" என்றார். "ஆனா ஒண்ணு கவனம் வெச்சுக்கோ, சவரியப்பா. தைலம் பூசணத்த வராம தடுக்கும். ஏற்கெனவே வந்த பூசணம் கக்கிட்டுப் போன விஷத்த அது எடுக்காது. பூசணம் செத்தாலும் விஷம் சாகாது. நல்ல சரக்குலதான் போடணும். புரியுதா?"

"புரியுது சார்" என்றான் சவரியப்பன். காது கேட்டதென்னவோ உண்மை. மனசு அதற்குள் தெருவில் இறங்கி ஓடிக்கொண்டிருந்தது.

ஊரெல்லாம் சொன்னான். யார் கேட்டார்கள்? "உன் மேல பூசணம் புடிக்காததுக்கு அதான் காரணமா?" என்று டீக்கடையில் சிரித்தார்கள். பூசை முடிந்து வந்தவர்களிடம் சொன்னால் ஒரு எட்டு தள்ளி நின்று கேட்டார்கள். ஓசூர் சந்தையில் புண்ணாக்குக் கடை வைத்திருந்த ஆஞ்சப்பனிடம் போய்ச் சொன்னான். ஆஞ்சப்பன் பாதித் தெலுங்கிலும் பாதித் தமிழிலும் பேசி எந்தச் சரக்கையும் தள்ளிவிடுகிற ஆள். "ஏமய்யா, மாடு தின்னுமா, இல்ல நெத்தியில தடவிக்குமா?" என்று கேட்டு, கடையிலிருந்தவர்களை எல்லாம் சிரிக்க வைத்தான். நாலு பேருக்கு நன்மை சொல்லப் போய் நாலு பேருக்கு முன்னால் கோமாளியாகித் திரும்பி வந்தான் சவரியப்பன். வந்த எரிச்சலை யார் மேல் காட்டுவது? வான்கோழிகளில் ஒரு பெட்டை இருந்தது, அதன் மேல் காட்டினான்.

அந்தப் பெட்டை ஒரு தனிப் பிறவி. தைலம் போட்ட தீனி எதையும் அது தொடாது. மற்றதெல்லாம் முண்டியடித்துத் தின்னும்போது, இது கழுத்தை நீட்டி ஒரு பார்வை பார்த்துவிட்டு, திரும்பி நின்றுகொள்ளும். "மகாராணிக்கு நம்ம தீனி எறங்கலையாம்!" என்று கல்லை எடுத்து எறிவான். அவன் அப்பால் போனதும் லூர்தம்மாள் அதற்குக் கொஞ்சம் கேழ்வரகும் கீரையும் அள்ளிப் போடுவாள்.

ஆனால் அந்த ஐப்பசி மழை சவரியப்பன் பக்கம் பேசியது. விடாத அடைமழை. ஊரில் வைத்திருந்த புண்ணாக்கு எல்லாம் பச்சை பூத்தது. கோழிகள் சாய்ந்தன. சவரியப்பன் வீட்டு டின்னும் சுத்தம், வான்கோழிகளும் திமிராக நடந்தன. முதலில் பக்கத்து வீட்டு மாதம்மாள் வந்தாள். நாட்டுக்கோழி வளர்த்து முட்டை விற்கிறவள் அவள். "சவரியண்ணா, அந்த எண்ணெய் எனக்கும் கொஞ்சம் குடு" என்று கிண்ணியை நீட்டினாள். அப்புறம் ஒவ்வொருவராக வந்தார்கள். கடைசியில் ஆஞ்சப்பனே வந்தான். டின்னருகே குந்தி, ஒரு கை அள்ளி, வெகுநேரம் முகர்ந்து பார்த்தான். இந்த முறை கேலி பேசவில்லை. "பலே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

கொஞ்ச நாளில் ஆஞ்சப்பன் கடையில் 'தைலப் புண்ணாக்கு' வந்துவிட்டது. தைல வாசனை அடித்தால் நல்ல சரக்கு என்று ஊர் முடிவு கட்டியது. அதற்குப் பிறகு யாரும் வட்டையை உடைக்கவில்லை, யாரும் மெல்லவில்லை. மூட்டை வாயில் மூக்கை வைத்து ஒரு இழுப்பு, அவ்வளவுதான். சவரியப்பனுக்குத் தலைகால் புரியவில்லை. சந்தை வழியே போகும்போது அவன் காது பட, "இவருதான் அந்தத் தைலக்காரரு" என்று சொல்வார்கள். கேட்காதது போல இன்னொரு முறை அதே வழியாக நடந்துவிட்டு வருவான்.

சேவல்கள் வளர்ந்து கனத்தன. தீனி வீட்டில் வைத்திருந்ததைத் தாண்டிப் போனது. கிறிஸ்துமஸுக்கு இன்னும் சில வாரம் இருக்கையில் டின் காலி. சவரியப்பன் ஆஞ்சப்பன் கடையில் தைலப் புண்ணாக்கு மூட்டை ஒன்றை எடுத்தான். கூட வந்திருந்த லூர்தம்மாள் பழக்க தோஷத்தில் ஒரு துணுக்கை வாயில் போட்டு மென்றாள். முகம் சுளித்தது.

"கசக்குதுங்க."

"தைலம்னா கசக்கத்தான் செய்யும்."

"நாம போடறது இப்பிடிக் கசக்கல."

"அவன் ரெண்டு சொட்டு சேத்துப் போட்டிருப்பான். தூக்கு மூட்டைய."

அவள் தூக்கினாள். கண்டுபிடித்தவனே சொல்லும்போது வேறென்ன செய்வாள்?

கிறிஸ்துமஸுக்கு முந்தைய அட்வென்டு நாட்களின் முதல் ஞாயிறில், பூசைக்குக் கிளம்பும்போது, பெரிய சேவல் இறக்கையைத் தொங்கப்போட்டு நின்றது.  அந்த நிற்பைச் சவரியப்பன் ஏற்கெனவே பார்த்திருக்கிறான். அந்த வாரத்துக்குள் பட்டியில் தலை நிமிர்ந்து நின்றது ஒன்றே ஒன்று. மகாராணி.

டாக்டர் ஜெபராஜ் வந்து ஒரு சேவலை அறுத்தார். அதே வெளுத்த ஈரல். பிறகு மூட்டையிலிருந்து ஒரு வட்டையை எடுத்துத் தரையில் ஓங்கி அடித்து இரண்டாகப் பிளந்தார். வெளியே பளபளப்பு, உள்ளே கரும்பச்சைத் தூள்.

"போன மழையில கெட்டுப்போன சரக்கு இது. பூசணத்தத் தொடச்சிட்டு மேல தைலம் தெளிச்சிருக்கான். நாத்தம் தெரியாதே! அப்பவே சொன்னேனே சவரியப்பா, வந்த விஷத்த இது எடுக்காதுன்னு. ஊர்ல சொன்னியா நீ?"

 'தைலம் போட்டால் பூசணம் வராது' என்பதைச் சவரியப்பன் மூலைமுடுக்கெல்லாம் சொல்லியிருந்தான். மற்றப் பாதியை ஒருவரிடமும் சொன்னதாக ஞாபகமில்லை. தன்னைத்தானே அறைந்துகொள்ளலாம் போல ஆத்திரம் வந்தது. அதைவிட ஆத்திரம் ஆஞ்சப்பன் மேல் வந்தது.

உடைந்த வட்டையோடு கடைக்குப் போய்க் கத்தினான். ஆஞ்சப்பன் அசரவே இல்லை. "அது தைலக் கறைய்யா" என்றான். "உன் கோழி ராணிக்கெட்டு நோவுல செத்திருக்கும். நானா இதக் கண்டுபுடிச்சேன்? நீதானே போடச் சொன்ன? நீ சொன்னதத்தான் செஞ்சேன்." கூடியிருந்தவர்கள் ஆமாம் என்று தலையாட்டினார்கள். "நல்ல சரக்குல போடச் சொன்னேண்டா, பாவி! அழுகுனதுல இல்ல!" என்றான் சவரியப்பன். "அப்பிடி எங்க சொன்ன நீ?" என்று யாரோ கேட்டார்கள்.  புண்ணாக்கைச் சோதனைக்கு மெட்ராசுக்கு அனுப்புகிறேன் என்று டாக்டர் சொன்னார். பதில் வர எத்தனை மாதமோ. அதற்குள் அந்தக் கடைச் சரக்கைத் தின்று ஊர்க் கோழி எல்லாம் சாகும். அடுத்த வாரமும், அதற்கடுத்த வாரமும் சந்தையில் நின்று தொண்டை வறளச் சொன்னான். வட்டையை உடைத்துப் பாருங்கள், மென்று பாருங்கள் என்றான். வியாபாரப் போட்டி என்றார்கள். கோழி செத்ததில் புத்தி பேதலித்துவிட்டது என்றார்கள். எல்லோரும் மூக்கை வைத்து இழுத்தார்கள், மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின சந்தைக்குச் சவரியப்பன் மகாராணியை இடுக்கிக்கொண்டு போனான். லூர்தம்மாள் பின்னாலேயே ஓடினாள். ஆஞ்சப்பன் கடை வாசலில், கூட்டத்துக்கு நடுவே அதை இறக்கிவிட்டான். அவ்வளவு பெரிய பறவையைப் பார்த்ததும் சந்தை தானாகக் கூடியது. தைலப் புண்ணாக்கை ஒரு கை அள்ளி அதன் முன்னால் போட்டான். மகாராணி கழுத்தை நீட்டியது, ஒரு பார்வை பார்த்தது, திரும்பி நின்றுகொண்டது. மடியிலிருந்து கேழ்வரகை எடுத்துப் போட்டான். கொத்திக் கொத்தித் தின்றது. மறுபடி புண்ணாக்கு. மறுபடி முதுகைக் காட்டியது.

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. "வாயில்லாத சீவனுக்குத் தெரியுது பாருடா!" என்றார் ஒரு பெரியவர். மாதம்மாள் தன் கையிலிருந்த மூட்டையை மெல்லக் கீழே வைத்தாள். ஆஞ்சப்பனின் முகத்தில் முதன்முதலாக வேர்வை பூத்தது.

இத்தனை நாள் தொண்டை கிழியச் சொன்ன நிஜத்தை நம்பாதவர்கள், ஒரு வான்கோழியின் முதுகை நம்பினார்கள். சவரியப்பனுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவனுக்குத் தெரியும், லூர்தம்மாளுக்கும் தெரியும், மகாராணி நல்ல சரக்கில் தைலம் போட்டுக் கொடுத்தாலும் இப்படித்தான் திரும்பி நிற்கும். அதற்கு வாசனைதான் பிடிக்காது. விஷத்தைப் பற்றி அதற்கு என்ன தெரியும்?

அப்போதுதான் மாதம்மாள் கேட்டாள். "அப்பிடின்னா தைலமே வெசமாண்ணா?"

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். லூர்தம்மாளும் பார்த்தாள். தைலம் நல்லது, சரக்குதான் கெட்டது என்று சொன்னால் ஆஞ்சப்பன் அந்தச் சந்தில் நுழைந்து தப்பித்துவிடுவான். இது நல்ல சரக்கு என்று சத்தியம் பண்ணுவான், ஊர் மறுபடியும் மூக்கை நீட்டும். சவரியப்பன் மகாராணியைத் தூக்கி இடுக்கிக்கொண்டான்.

"ஆமா" என்றான். "தைலம் வெசந்தான். எவனும் வாங்காதீங்க."

தைலப் புண்ணாக்கை அதற்கப்புறம் ஒருவரும் தொடவில்லை. ஆஞ்சப்பன் மூட்டைகளை எருக்குழிக்கு அனுப்பினான். செய்தி கேட்டு டாக்டர் ஜெபராஜ் தலையில் கை வைத்துக்கொண்டார். "நல்ல காரியத்த நீயே குழியில போட்டுட்டியேப்பா!"

"வேற எதச் சொன்னாலும் ஊரு காதுல வாங்கலையே சார்" என்றான் சவரியப்பன். 

வான்கோழி வாங்கக் கூடைகளோடு வந்த அருள்ஜோசப், காலிப் பட்டியைப் பார்த்துவிட்டு, காப்பி மட்டும் குடித்துவிட்டுப் போனார். மகாராணியைக் கொடுக்க லூர்தம்மாள் ஒப்பவில்லை. பொங்கல் கழிந்ததும் சவரியப்பன் தேன்கனிக்கோட்டைப் பாதையில் நடந்தான். கொட்டகை வாசலில் கால் வைக்கும்போது கங்கப்பன் அவனை நாய் என்று கூப்பிடவில்லை. "வாப்பா" என்றான். வேலையாட்கள் யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவர்கள் சிரித்திருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவனுக்கு.

மறு வருஷ ஐப்பசியிலும் மழை அடித்துக் கொட்டியது. வேலை முடிந்து, தைலம் சொட்டச் சொட்ட இருமிக்கொண்டே வீடு திரும்பிய சவரியப்பன், மாதம்மாள் வாசலில் நின்றான். அவள் முறத்தில் புண்ணாக்கைக் கொட்டித் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். துணியெல்லாம் பச்சை. பக்கத்தில் இரண்டு கோழிகள் இறக்கையைத் தொங்கப்போட்டு நின்றன. சவரியப்பன் சட்டைப் பையிலிருந்த சின்னத் தைலப் பாட்டிலை எடுத்தான்.

"மாதம்மா, இதக் கொட்டிடு, இது ஆகாது. நல்ல புண்ணாக்கா வாங்கி, இதுல நாலே நாலு சொட்டு போட்டு வெய்யி. ஒண்ணும் ஆகாது. என் வூட்டுல ஒரு டின்னு அப்பிடிப் போட்டு வெச்சிருக்கேன், வந்து பாரு, இந்த மழையிலயும் சுத்தமா இருக்குது."

மாதம்மாள் பதறிப்போய் முறத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அய்யய்யோ, அத அந்தாண்ட எடுத்துக்கிட்டுப் போண்ணா! வெசம்னு சந்தையில நீதான சொன்ன?"

துடைத்த புண்ணாக்கை ஒரு கை அள்ளி, கோழிகளுக்கு முன்னால் போட்டாள்.